தூய்மைவாதிகளும் மனச்சான்றுரிமையும்

சமயக் கெடுபிடிக்கு அஞ்சி இங்கிலாந்தை விட்டு நீங்கிய தூய்மைவாதிகள், தாம் குடியேறிய அமெரிக்க மண்ணில் மாற்றுக் கருத்தினரைத் தண்டித்தமை முரண்பாடாகவே பலருக்கும் தோன்றும். ஆயின், அவர்தம் கோட்பாட்டினை நோக்குமிடத்து அஃது உள்ளியைபு உடையதே என்பதை நாம் உணரலாம்.

பியூரிட்டன் என வழங்கப்பெறும் இப்பிரிவினர், இங்கிலாந்துத் திருச்சபையில் எஞ்சியிருந்த கத்தோலிக்கச் சடங்குகளைக் களைய விழைந்தோர் ஆவர். 1630ஆம் ஆண்டில் ஜான் வின்த்ராப் தலைமையில் மாசச்சூசெட்சில் குடியேறியோர், தம் சமுதாயம் முழுவதும் இறைவனோடு உடன்படிக்கை செய்துகொண்டதாக நம்பினர். ஒருவர் பிழைத்தால் ஊரே இறைவனின் சினத்திற்கு ஆளாகும் என்பது இந்நம்பிக்கையின் விளைவாகும். எனவே, அவர்கள் நாடியது தம் வழிபாட்டிற்கான உரிமையேயன்றி, எல்லா வழிபாட்டிற்குமான உரிமை அன்று.

அவ்வாறாயின், மனச்சான்றை ஒறுத்தல் தகுமா என்னும் வினா எழுகின்றது. பாஸ்டன் நகரப் போதகர் ஜான் காட்டன் இதற்கு நுட்பமானதொரு விடை தந்தார். சமயத்தின் அடிப்படை உண்மைகள் தெளிவானவை. பிழைபட்டவனுக்கு முதலில் அறிவுரை கூறப்பெறும். அதன் பின்னரும் பிடிவாதம் காட்டுபவன் தன் மனச்சான்றுக்கே எதிராக நடக்கின்றான். ஆதலின், அவன் தண்டிக்கப்பெறுவது மனச்சான்றின் பொருட்டு அன்று என்பது அவர் வாதம். அறிவுரை கூறுவோரும் பிழைபடக்கூடும் என்பதற்கு இதில் இடமே இல்லை.

இக்கோட்பாட்டின் விளைவுகள் கடுமையாக இருந்தன. 1635இல் ரோஜர் வில்லியம்சுக்கும் 1637இல் ஆன் ஹட்சின்சனுக்கும் நாடுகடத்தல் தீர்ப்பு அளிக்கப்பெற்றது. விலக்கப்பெற்ற குவேக்கர்கள் திரும்பி வரின் மரணதண்டனை என 1658இல் சட்டம் இயற்றப்பெற்றது. அதன்படி 1659 முதல் 1661 வரை மேரி டையர் உள்ளிட்ட நால்வர் பாஸ்டனில் தூக்கிலிடப்பெற்றனர். 1661இல் மன்னர் இரண்டாம் சார்லசின் ஆணையே இதற்கு முற்றுப்புள்ளி வைத்தது.

1636இல் பிராவிடன்ஸ் குடியேற்றத்தை நிறுவிய வில்லியம்சும் சமயப் பற்றில் காட்டனுக்குக் குறைந்தவர் அல்லர். குவேக்கர்தம் கொள்கைகளை 1672இல் பொது வாதத்தில் வன்மையாக மறுத்தவர். எனினும், அரசின் அதிகாரம் உடலையும் உடைமையையும் சார்ந்ததே. ஆன்மாவை எட்டாது என்பது 1644இல் வெளிவந்த அவருடைய நூலின் உட்கருத்து. குவேக்கர்களை வெளியேற்றுமாறு 1657இல் அண்டைக் குடியேற்றங்கள் வேண்டியபோது, ரோட் தீவு அதற்கு இணங்கவில்லை.

ஆகவே, காட்டனையும் வில்லியம்சையும் பிரித்தது நம்பிக்கையின் அளவு அன்று. ஆட்சிக்கு வகுத்த எல்லையே ஆகும். தாம் துன்புற்ற பட்டறிவு மட்டுமே பிறர்க்கு இடந்தரும் பொறையை உருவாக்கிவிடுவதில்லை என்பதே இவ்வரலாற்றால் நாம் பெறும் தெளிவு.