ஆட்டத்தின் விலையும் பார்ப்பவரின் உரிமையும்

ஓசூர் சிப்காட் ஆலைகளில் வேலை முடித்து வரும் தொழிலாளரும், அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டிப் பொம்மசந்திராவுக்குப் பிழைக்கப்போய்த் திரும்புவோரும், சென்னை அணியும் பெங்களூரு அணியும் மோதும் நாளில், டீக்கடைத் தொலைக்காட்சியின் முன்போ, வாடகை அறையில் ஒரே கைப்பேசியைச் சுற்றியோ கூடி, தமிழ், தெலுங்கு, கன்னடம் என்னும் மூன்று பாஷைகளிலும் வாதாடி மகிழ்வது இந்த எல்லைப் பிரதேசத்தில் சகஜம். அந்தக் களிப்புக்குப் பின்னே நடக்கும் வியாபாரம் எத்தகையது, அதில் பார்ப்பவனுக்குச் சட்டம் அளித்திருக்கும் உரிமை எது, அவனைச் சூழும் அபாயம் எது, பரிகாரம் எங்கே கிடைக்கும் என்பவற்றை அறிந்தவர் சொற்பமே.

முதலில் வியாபாரத்தின் அளவைப் பார்ப்போம். 2023 முதல் 2027 வரையிலான ஐந்து ஐ.பி.எல். பருவங்களின் ஒளிபரப்பு உரிமையை இந்தியக் கிரிக்கெட் வாரியம் 2022 ஜூன் மாதம் ஏலம் விட்டபோது கிடைத்த மொத்தத் தொகை 48,390 கோடி ரூபாய். இந்தியத் தொலைக்காட்சி உரிமையை 23,575 கோடிக்கு டிஸ்னி ஸ்டார் நிறுவனம் பெற்றது. இணைய வழி உரிமை வயாகாம் 18 நிறுவனத்துக்குச் சென்றது. மொத்தத் தொகையை, அப்போது திட்டமிட்ட 410 ஆட்டங்களுக்குப் பங்கிட்டால் ஓர் ஆட்டத்தின் விலை ஏறத்தாழ 118 கோடி. ஏலத்தில் எதிரெதிரே நின்ற அவ்விரு நிறுவனங்களின் வியாபாரமும் 2024 நவம்பரில் ஒன்றாகி, 2025 பிப்ரவரியில் ஜியோஹாட்ஸ்டார் என்னும் ஒரே செயலி பிறந்தது. இத்தனை பணத்தையும் சந்தாவாகவும் விளம்பரமாகவும் திரும்ப ஈட்டியாக வேண்டியிருப்பதால், பார்ப்பவனின் சட்டைப்பையும் நேரமும் இந்த வர்த்தகத்தின் மூலதனம் ஆகிவிடுகின்றன.

ஆயினும் ஆட்டம் முழுவதும் விலைக்குப் போய்விட்டது என்று எண்ணிவிடலாகாது. 1993-ல் ஹீரோ கோப்பைப் போட்டியின் ஒளிபரப்பு உரிமையை வங்காளக் கிரிக்கெட் சங்கம் அந்நிய நிறுவனம் ஒன்றுக்கு அளித்ததிலிருந்து எழுந்த வழக்கில், வான் அலைகள் பொதுமக்களின் சொத்து என்றும், அவற்றின்மீது அரசுக்கும் ஏகபோகம் இல்லை என்றும் உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. பிற்பாடு 2007-ல் பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றி, தேசிய முக்கியத்துவம் உடையவை என்று மத்திய அரசு அறிவிக்கும் போட்டிகளின் நேரடி ஒளிபரப்பை, அவ்வுரிமையை வாங்கிய தனியார் நிறுவனம், தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியுடன் பகிர்ந்துகொள்ளவேண்டும் என்று விதித்தது. இந்திய ஆடவர் அணியின் சர்வதேச ஒருநாள், இருபது ஓவர் ஆட்டங்கள் அப்பட்டியலில் உண்டு, ஐ.பி.எல். இல்லை. அவ்வாறு பகிர்ந்த ஒளிபரப்பைக் கேபிள் வழியே அனுப்பலாகாது என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டபடியால், கேபிளில் வரும் தூர்தர்ஷனில் ஆட்டத்தைக் காணோமே என்று ஆபரேட்டரோடு சண்டையிடுவதில் பயனில்லை. மாதச் சந்தா இல்லாத டி.டி. ஃப்ரீ டிஷ் ஆண்டெனாவை ஒருமுறை செலவழித்து வாங்கிவைப்பதே அந்த ஆட்டங்களை நியாயமாக இலவசமாய்ப் பார்க்கும் உபாயம்.

கேபிள், டி.டி.எச். சந்தாதாரருக்கும் உரிமைகள் உண்டு. டிராய் என்னும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2017-ஆம் வருஷத்து விதிகளின்படி, கட்டணச் சேனல் ஒவ்வொன்றையும் தனியாகவும் தரவேண்டும். ஒரு விளையாட்டுச் சேனலை மட்டும் விரும்புகிறவன்மீது பெரிய தொகுப்பைச் சுமத்துவதற்கில்லை. 2023 பிப்ரவரியில் விலைத் தகராறு முற்றி, பெரிய ஒளிபரப்பு நிறுவனங்கள் பல கேபிள் நிறுவனங்களுக்குத் தங்கள் சேனல்களை நிறுத்தியபோது, சந்தா கட்டிய கோடிக்கணக்கான வீடுகள் சில நாள் வெறுந்திரையைப் பார்த்தன. அத்தகைய சமயத்தில், கட்டிய பணத்துக்கு ரசீதும், கொடுத்த புகாருக்குப் பதிவு எண்ணும் கைவசம் இருப்பவனே பிறகு நியாயம் கேட்க முடியும்.

கடைக்காரர்களும் ஹோட்டல்காரர்களும் கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்று உண்டு. 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 37-வது பிரிவு ஒளிபரப்பு நிறுவனத்துக்கு 25 ஆண்டுக் காலம் நீடிக்கும் தனியுரிமை அளிப்பதால், அதன் அனுமதியின்றிக் கட்டணம் வாங்கிக்கொண்டு பொதுமக்களுக்கு ஆட்டத்தைக் காட்டுவது உரிமை மீறலாகும். தெரிந்தே செய்தால், 63-வது பிரிவின்படி ஆறு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடமுண்டு. நுழைவுக் கட்டணம் வாங்காவிட்டாலும், சொந்த உபயோகத்துக்கென்று பெற்ற செயலிச் சந்தாவைக் கடையின் பெரிய திரையில் போடுவது ஒப்பந்தத்துக்கு விரோதமாகலாம். வியாபார ஸ்தலத்துக்குரிய இணைப்பைக் கேட்டுப் பெறுவதே உத்தமம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய அபாயம், வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் வரும் ‘இலவச நேரலை’ இணைப்புகளில் இருக்கிறது. திருட்டுத் தளங்களை முடக்க டெல்லி உயர் நீதிமன்றம் ஆணையிடுவதும், அவை மறுநாளே வேறு பெயரில் முளைப்பதும் வழக்கமாகிவிட்டன. அத்தளங்கள் இறக்கச்சொல்லும் ஏ.பி.கே. என்னும் செயலிக் கோப்பு, குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி பெற்றுக்கொண்டு, வங்கியின் ஓ.டி.பி.யை ஓசையின்றி எடுத்துச்செல்லக்கூடும். திரையின் ஓரத்தில் மின்னும் பந்தய விளம்பரம் மாதச் சம்பளத்தையே விழுங்கக்கூடும். பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளையும் அவற்றின் விளம்பரங்களையும் தடைசெய்யும் சட்டம் 2025 ஆகஸ்டில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றுள்ளது. அச்சட்டத்தின் தண்டனை நடத்துவோர், விளம்பரம் செய்வோர் முதலியோருக்கே, ஏமாந்து ஆடினவருக்கு அன்று. ஆகையால் பணத்தை இழந்தவர் வெட்கத்தாலோ பயத்தாலோ வாய்மூடியிருக்க வேண்டியதில்லை.

இனிப் பரிகாரம். பணம் பறிபோனது தெரிந்த கணமே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைத்து, வங்கிக்கும் தெரிவிக்கவேண்டும். வங்கிக்குத் தெரிவித்த பின்பு நேரும் நஷ்டம் வங்கியைச் சாரும் என்று ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலைச் சுற்றறிக்கை விதித்தது. எளிதில் சேர்த்துக்கொண்டு, விலகும் வழியை ஒளித்துவைக்கும் சந்தா வலை, 2023 நவம்பரில் வெளியான மத்திய நெறிமுறைகளின்படி முறையற்ற வணிகம்; அதற்கும் சேவைக் குறைபாட்டுக்கும் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. டிராய் தனிமனிதர் புகார்களை விசாரிப்பதில்லையாதலால், அங்கே எழுதிவிட்டுக் காத்திருப்பது வீண். உதவி எண்ணில் தீராவிட்டால், இரண்டு வருஷத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுச் செய்யலாம். செலுத்திய தொகை 5 லட்ச ரூபாய்வரை இருந்தால் மனுக்கட்டணம் கிடையாது. நிறுவனம் பெங்களூரிலோ மும்பையிலோ இருக்கிறதே என்று எல்லையோரத்தில் குடியிருப்பவர் தயங்க வேண்டாம்: 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-வது பிரிவு, புகார் செய்கிறவர் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடர இடம் தருவதால், ஓசூர்வாசியின் மனுவைக் கிருஷ்ணகிரி மாவட்ட ஆணையமே விசாரிக்கும்.

ஆகவே, அடுத்த ஆட்டத்துக்கு முன்பாக மூன்று காரியங்களைச் செய்துவையுங்கள்: முன்பின் அறியாத இணைப்பிலிருந்து இறக்கிய செயலியைக் கைப்பேசியிலிருந்து நீக்குங்கள், தானாகப் பணம் பிடிக்கும் சந்தா ஏதேனும் இருக்கிறதா என்று வங்கிச் செயலியில் பாருங்கள், 1930, 1915 ஆகிய இரண்டு எண்களையும் அறையிலுள்ள எல்லாரும் குறித்துக்கொள்ளுங்கள்.