சடங்குகளின் உலகம் – 7: துக்கத்தின் நாள்கணக்கு

உயிர் ஒரு நொடியில் பிரிந்துவிடுகிறது. ஆனால், இறந்தவரை வழியனுப்பும் வேலையை எந்தச் சமூகமும் ஒரு நொடியில் முடித்துக்கொள்வதில்லை. 3 நாள், 16 நாள், 49 நாள், ஓராண்டு என ஒவ்வொரு பண்பாடும் அதற்கொரு காலத்தை வகுத்து வைத்திருக்கிறது. அந்தக் காலத்துக்குள் உடல் ஓர் இடம் சேர வேண்டும். இறந்தவர் முன்னோராக வேண்டும். துக்க வீட்டார் மறுபடி ஊரோடு சேர வேண்டும். இம்மூன்றையும் ஒரே நாள்கணக்கில் இணைப்பதே இறப்புச் சடங்கின் முதன்மையான பணி.

இரண்டு முறை அடக்கம்

இதைத் தெளிவாக எடுத்துக்காட்டியவர் பிரெஞ்சுச் சமூகவியலாளர் ராபர்ட் ஹெர்ட்ஸ். எமில் டர்க்கைமின் மாணவரான அவர், போர்னியோ தீவின் தயாக் மக்களைப் பற்றிய நீண்ட கட்டுரையை 1907இல் வெளியிட்டார். அம்மக்களில் ஙாஜு பிரிவினர் இறந்தவரை உடனே இறுதியாக அடக்கம் செய்வதில்லை. உடல் முதலில் தற்காலிகமாக ஓரிடத்தில் வைக்கப்படும். தசை அழிந்து எலும்பு மட்டும் எஞ்சும்வரை, மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில் காத்திருப்பார்கள். அதுவரை ஆவி வீட்டைச் சுற்றி அலைவதாக நம்பிக்கை. குடும்பத்தாரும் பல விலக்குகளுக்கு உட்பட்டு ஊரிலிருந்து ஒதுங்கியே இருப்பார்கள். பிறகு ‘திவா’ என்னும் பெருவிழா எடுத்து, எலும்புகளைச் சுத்தம் செய்து, செதுக்கு வேலைப்பாடுள்ள குடும்பக் கூண்டில் சேர்ப்பார்கள். அன்றுதான் ஆவி முன்னோர் உலகை அடைகிறது. அன்றுதான் குடும்பத்தாரின் விலக்கும் நீங்குகிறது.

உடலுக்கு நேர்வதும், ஆவிக்கு நேர்வதாக நம்பப்படுவதும், உறவினருக்கு நேர்வதும் ஒன்றோடொன்று கூடவே நடக்கின்றன என்பது ஹெர்ட்ஸின் முடிவு. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1909இல், ஆர்னல்ட் வான் ஜெனெப் வாழ்க்கைச் சடங்குகள் அனைத்திலும் பிரிதல், இடைநிலை, மீண்டும் சேர்தல் என்ற மூன்று கட்டங்களைக் கண்டார். இறப்புச் சடங்குகளில் மிக நீண்டு செல்வது பெரும்பாலும் அந்த இடைநிலைதான்.

இடைநிலையின் நீளத்துக்கு இந்தோனேசியாவின் சுலவேசி தீவில் வாழும் தொராஜா மக்கள் நல்ல சான்று. பெரிய சடங்கு நடக்கும்வரை அவர்கள் இறந்தவரை நோயாளியாகவே கருதுகிறார்கள். பதப்படுத்திய உடல் வீட்டிலேயே இருக்கும். உணவு கொண்டுபோய் வைப்பார்கள். வெளியே கிளம்பும்போது சொல்லிவிட்டுக் கிளம்புவார்கள். தொராஜாக்களில் பெரும்பாலோர் இன்று கிறிஸ்தவர்கள். ஆனாலும் வழக்கம் தொடர்கிறது. தூரத்து உறவினர் வந்து சேரவும் செலவுக்குப் பணம் திரட்டவும் இந்த அவகாசம் பயன்படுகிறது; இழப்பை மனம் மெல்ல ஏற்கவும் அதுவே இடம் தருகிறது.

எண்ணிவைத்த நாட்கள்

உடலை விரைவில் அடக்கம் செய்யும் சமயங்கள் காத்திருப்பை வேறு வகையில் அமைத்துக்கொண்டன. யூதர்கள் கூடியவரை ஒரு நாளுக்குள் அடக்கத்தை முடிப்பார்கள். அதன் பின் துக்கம் படிப்படியாகத் தளர்கிறது. முதல் 7 நாட்கள் வீட்டார் தாழ்வான இருக்கையில் அமர்ந்திருப்பார்கள். ஊரார் தேடி வந்து ஆறுதல் சொல்வார்கள். 30ஆம் நாளோடு விலக்குகளில் பெரும்பகுதி முடிகிறது. தாய் தந்தையருக்கு மட்டும் ஓராண்டுக் கணக்கு. இறந்தவருக்கான ‘கதீஷ்’ மன்றாட்டைத் தனியாகச் சொல்ல முடியாது. மரபுப்படி பத்துப் பேர் கூடியிருக்க வேண்டும். ஒதுங்க நினைக்கும் மனிதரை இந்த விதி நாள்தோறும் மற்றவர் நடுவே கொண்டுவருகிறது. இஸ்லாத்தில் உறவினருக்குத் துக்கம் 3 நாள். கணவனை இழந்த பெண்ணுக்குக் காத்திருப்புக் காலம் 4 மாதம் 10 நாள்.

ஜப்பானியப் பௌத்தக் குடும்பங்களில் தகனத்துக்குப் பின் உறவினர் குச்சிகளால் எலும்புகளை எடுத்துக் கலயத்தில் இடுகிறார்கள். கால் எலும்பில் தொடங்கித் தலை எலும்பில் முடிப்பது முறை. ஏழு நாளுக்கொரு முறை வழிபாடு நடந்து, 49ஆம் நாளோடு முதல் கட்டம் நிறைவுறுகிறது. கலயத்தைப் பெரும்பாலும் அப்போதுதான் கல்லறையில் வைப்பார்கள். ஆண்டு நினைவுகள் பல இடங்களில் 33ஆம் ஆண்டுவரை நீளும். அதன் பின் அவர் தனி மனிதராக நினைக்கப்படாமல் குலத்தின் முன்னோரில் ஒருவராகிவிடுகிறார்.

தமிழர் வழக்கிலும் இதே படிக்கட்டு உண்டு. பால் தெளிப்பு, 16ஆம் நாள் கருமாதி, தலைத்திவசம் என்று தமிழ்நாட்டில் பல சமூகங்கள் கணக்கு வைத்திருக்கின்றன. யாழ்ப்பாணத்தில் எட்டுச்செலவு, 31ஆம் நாள் அந்தியேட்டி, ஆட்டைத் திவசம் என்பது வரிசை. கருமாதியன்று மகனுக்குத் தாய்மாமன் வழியினர் உருமால் கட்டும் வழக்கம், அந்த வீட்டுப் பொறுப்பு இனி யாருடையது என்பதை ஊரறியச் சொல்கிறது.

பங்கிட்டுக்கொள்ளும் சுமை

நாள்கணக்கைத் துக்க வீட்டார் தனியே சுமப்பதில்லை. தொராஜா சடங்குக்கு உறவினர் எருமைகளையும் பன்றிகளையும் கொண்டுவருவார்கள். யார் எதைக் கொடுத்தார் என்பது நினைவில் நிற்கும். அவர்கள் வீட்டு இறப்பின்போது அதைத் திருப்பித் தர வேண்டும். இறைச்சி தகுதிக்கும் உறவுக்கும் ஏற்பப் பங்கிடப்படும். தமிழர் வீடுகளில் சாவு விழுந்தால் அடுப்பு எரியாது. அக்கம்பக்கத்தாரும் சம்பந்தி வீட்டாரும் சமைத்துக் கொண்டுவருவார்கள். அடக்கம் முடிந்து திரும்பும் யூதக் குடும்பத்தின் முதல் உணவும் பிறர் தருவதே. அழுதுகொண்டிருப்பவரை உண்ண வைக்கும் பொறுப்பைச் சடங்கு ஊரிடம் ஒப்படைக்கிறது.

சடங்கு தடைபடும்போது

இந்த ஏற்பாட்டின் அருமை அது தடைபடும்போதுதான் முழுமையாகத் தெரிகிறது. 2014–16இல் மேற்கு ஆப்பிரிக்காவில் பரவிய எபோலா 11,000க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. இறந்தவரைக் குளிப்பாட்டித் தொட்டு வழியனுப்பும் வழக்கமே தொற்றுக்கு வழியானது. லைபீரிய அரசு 2014 ஆகஸ்டில் மன்ரோவியாவில் தகனத்தைக் கட்டாயமாக்கியது. எரிக்கும் வழக்கமில்லாத மக்கள் உடல்களை மறைக்கத் தொடங்கினார்கள். அவ்வாண்டு நவம்பரில் உலக சுகாதார நிறுவனம் பாதுகாப்பும் கண்ணியமும் கொண்ட அடக்கத்துக்கான நெறிமுறையை வெளியிட்டது. குடும்பத்தார் தொலைவில் நின்று பார்க்கவும், மதப் பெரியவர் வேண்டுதல் செய்யவும் அதில் இடமிருந்தது. நோய்த்தடுப்பும் சடங்கும் பகையாக வேண்டியதில்லை என்பதை அது உணர்த்தியது.

இலங்கையில் அந்தப் பாடம் ஏற்கப்படவில்லை. கோவிட் தொற்றால் இறந்தோர் அனைவரையும் எரிக்க வேண்டும் என்று 2020 ஏப்ரலில் அரசு ஆணையிட்டது. அடக்கமும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்த நிலையிலும் முஸ்லிம் குடும்பங்களின் கோரிக்கை மறுக்கப்பட்டது. கொழும்பு பொரளை மயான வேலியில் பல மதத்தாரும் வெள்ளைத் துணிகளைக் கட்டி எதிர்ப்பைக் காட்டினர். 2021 பிப்ரவரியில் ஆணை விலக்கப்பட்டது. 2024 ஜூலையில் அரசு மன்னிப்புக் கோரியது. எரித்த உடல்களுக்கு உரிய சடங்கை மட்டும் எந்த மன்னிப்பாலும் மீட்டுத் தர முடியாது.

இதைவிடக் கொடியது நாள்கணக்கே தொடங்க முடியாத நிலை. இலங்கைப் போரில் காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்கள் 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தில் அமர்ந்தன. உடலும் இல்லை, இறந்த திகதியும் இல்லை என்னும்போது திவசம் செய்வது நம்பிக்கையைக் கைவிடுவதாகிறது. செய்யாதிருப்பது முடிவில்லாத காத்திருப்பாகிறது. உளவியலாளர் பாலின் பாஸ் இத்தகைய தெளிவற்ற இழப்பையே மிகக் கடினமான துயரமாக விவரித்திருக்கிறார்.

மாற்ற வேண்டியவை

சடங்கு ஆறுதல் தருவது போலவே காயமும் தரும். கணவனை இழந்த பெண்ணின் வளையை உடைப்பதும் பொட்டை அழிப்பதும் தாலியை அறுப்பதும் துக்கத்தைத் தண்டனையாக்குகின்றன. மற்றவருக்கெல்லாம் ஊரோடு மீண்டும் சேரும் கட்டம் உண்டு. அவளுக்கு மட்டும் அது மறுக்கப்பட்டு, வாழ்நாள் முழுதும் இடைநிலையிலேயே நிறுத்தப்படுகிறாள். மகாராஷ்டிர மாநிலம் கோலாப்பூர் மாவட்டத்தின் ஹேர்வாட் கிராமம் 2022 மே மாதம் இவ்வழக்கங்களைக் கைவிடத் தீர்மானம் நிறைவேற்றியது. மற்ற ஊராட்சிகளும் அதைப் பின்பற்றுமாறு மாநில அரசு சுற்றறிக்கை அனுப்பியது.

சடங்குகள் கல்லில் எழுதியவை அல்ல. நோய்க்காலத்தில் தொடாமல் வேண்டிக்கொள்ளலாம்; பெண்ணை இழிவுபடுத்தாமல் கருமாதி செய்யலாம். இறந்தவரைக் கண்ணியமாக அனுப்புவது, இருப்பவரைத் தனியே விடாதிருப்பது, துக்கத்துக்கு ஓர் எல்லை வகுத்து வாழ்வுக்குத் திரும்ப வழிவிடுவது ஆகிய மூன்றும் நிலைத்திருக்க வேண்டும். ஒரு சடங்கைக் காப்பதா திருத்துவதா என்பதற்கு இவையே அளவுகோல்.

(தொடரும்)