கேட்டால்தான் வரும்

ஆனைக்குட்டத்தில் என் அத்தை வீட்டுக் கூடத்தில் இரண்டு விளம்பரங்கள் எதிரெதிரே இருக்கின்றன. ஒரு சுவரில் மளிகைக்கடைக்காரர் கொடுத்த தினசரிக் காலண்டர்: மேலே முருகன் படம், அதன் கீழே கடைப் பெயர், அதற்கும் கீழே கிழிக்கக் கிழிக்கக் குறையும் தேதிக் கட்டு. எதிர்ச்சுவரில் ஸ்மார்ட் டிவி.

காலண்டர் பக்கத்துச் சிவகாசியில் அச்சானது. தீப்பெட்டிக்கு லேபிள் அடிக்கப் போய் அச்சுத்தொழிலைப் பிடித்துக்கொண்ட ஊர் அது. ஆடிப்பெருக்கு அன்றே அடுத்த ஆண்டுக் காலண்டர் ஆல்பத்தைப் பூஜை போட்டு வெளியிட்டுவிடுவார்கள். அத்தை மகன் அங்கே ஓர் ஆஃப்செட் அச்சகத்தில்தான் வேலை பார்க்கிறான். ஆக, விளம்பரத்தைப் பொதுவாகக் குறை சொல்ல இந்தப் பக்கத்து ஆட்களுக்கு வாய் கூசும். எனக்கும் கூசுகிறது. ஆனால் டிவியில் வருவது வேறு சாதி.

போன தீபாவளிக்கு முன்பு அத்தையின் செல்போனிலும் டிவியிலும் மாறி மாறி வந்தது ஒரு விளம்பரம்: சிவகாசிப் பட்டாசு, பாதி விலைக்கும் கீழே, வீட்டுக்கே வரும். “ஏம்ப்பா, சிவகாசிக்குப் பக்கத்துல இருக்கவளுக்கே சிவகாசி வெடி விக்க வர்றான் பாரு” என்று அத்தை சிரித்தார். சிரிக்க வேண்டியதுதான். ஆனால் பட்டாசை இணையத்தில் விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23-ஆம் தேதித் தீர்ப்பிலேயே சொல்லிவிட்டது. இதே சிவகாசிப் பெயரை வைத்து முன்பணம் வாங்கிக்கொண்டு காணாமல் போகும் போலித் தளங்களைப் பற்றித் தமிழ்நாடு இணையக் குற்றப் பிரிவு தீபாவளிச் சமயத்தில் எச்சரிக்கை விட்டிருக்கிறது. ஏமாந்தவர்கள் கூப்பிட வேண்டிய எண் 1930. வெளியூரில் இருக்கும் ஒருவருக்கு அது போலி என்று எப்படித் தெரியும்?

அந்த விடுமுறையில்தான் அத்தை வீட்டு மோடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டியை வைத்துவிட்டு வந்தேன். சீட்டுக்கட்டு அளவுதான். வீட்டில் உள்ள டிவி, மூன்று செல்போன், ஒரு மடிக்கணினி எல்லாவற்றுக்கும் வரும் விளம்பரங்களில் பலவற்றை அது ஒன்றே நிறுத்துகிறது. எந்தக் கருவியிலும் எதையும் புதிதாக நிறுவவில்லை. எப்படி என்று அத்தை கேட்டதற்குச் சொன்ன விளக்கம்தான் இது, கொஞ்சம் விரிவாக.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் கழற்றி வைக்க வேண்டும். திரையில் விளம்பரம் தானாக வந்து விழுவதாக நினைக்கிறோம். அப்படி இல்லை. நம் வீட்டுக் கருவிதான் அதைக் கேட்டு வாங்குகிறது. ஒரு செய்தித் தளத்தைத் திறந்தால் முதலில் வருவது கிட்டத்தட்ட ஒரு சாமான் சீட்டு. இந்தப் படத்தை இன்ன இடத்தில் வாங்கு, எழுத்துருவை அங்கே வாங்கு, விளம்பரத்தை இதோ இந்த மூன்றாவது கடையில் வாங்கு, வாசிப்பவர் யார் என்று அந்த நான்காவது ஆளிடம் சொல்லிவிட்டு வா என்று அதில் எழுதியிருக்கும். கருவி அந்தச் சீட்டை ஒரு வரி விடாமல் நிறைவேற்றும். ஒரே பக்கத்துக்காகப் பத்து இருபது ஊர்களில் கதவைத் தட்டுவது சாதாரணம்.

தட்ட வேண்டுமானால் விலாசம் வேண்டும். சீட்டில் இருப்பதோ பெயர்கள். இணையத்தில் சரக்கு போய்ச் சேர எண் வேண்டும். பெயரைச் சொன்னால் எண்ணைச் சொல்லும் ஏற்பாட்டுக்குத்தான் டிஎன்எஸ் என்று பெயர். பேருந்தை விட்டு இறங்கிய வெளியூர்க்காரர் நிறுத்தத்து டீக்கடையில் “இன்னார் வீடு எது?” என்று கேட்பாரே, அதேதான். டீக்கடைக்காரர் கையைக் காட்டினால் போவார். “அப்படி ஒரு ஆளே இந்த ஊர்ல இல்லையே” என்று சொல்லிவிட்டால் அடுத்த பேருந்தில் திரும்பிவிடுவார். அத்தை வீட்டில் நான் வைத்த பெட்டி அந்த டீக்கடைக்காரர். விளம்பரக் கடைகளின் பெயரைக் கேட்டால் மட்டும் பொய் சொல்வார்.

இந்தப் பொய்க்குக் கொஞ்சம் வரலாறு உண்டு. இணையத்துக்கு முன்னோடியான ஆர்ப்பாநெட் காலத்தில் எல்லாக் கணினிகளின் பெயரும் எண்ணும் ஒரே கோப்பில் இருந்தன. கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சிக் கழகத்தில் எலிசபெத் ஃபைன்லரின் குழு அதைப் பராமரித்தது. மற்றவர்கள் அவ்வப்போது நகல் எடுத்துக்கொண்டார்கள். கணினிகள் பெருகப் பெருக ஒரே கோப்பு தாங்கவில்லை. 1983-இல் பால் மொக்காபெட்ரிஸ் என்பவர், ஒவ்வொரு கிளையும் தன் பெயர்களைத் தானே பார்த்துக்கொள்ளும் இன்றைய டிஎன்எஸ் முறையை வகுத்தார். ஆனால் அந்தப் பழைய கோப்பின் எச்சம் இன்னும் ஒவ்வொரு கணினிக்குள்ளும் கிடக்கிறது. வெளியே கேட்பதற்கு முன் கணினி முதலில் அதைத்தான் புரட்டும். விளம்பர நிறுவனத்தின் பெயரை அதில் எழுதி, எதிரே உதவாத ஓர் எண்ணைப் போட்டுவைத்தால் தேடல் அங்கேயே முடிந்துவிடும் என்று வெகு காலத்துக்கு முன்பே சிலர் கண்டுகொண்டார்கள். தடுக்க வேண்டிய பெயர்களைத் திரட்டிப் பொதுவில் வைத்தார்கள். இன்று பலரும் பயன்படுத்தும் ஸ்டீவன் பிளாக் என்பவரின் பட்டியல் அந்த வழியில் வந்தது.

நடுவில் உலாவிகளுக்கான தடுப்பான்கள் வந்தன. 2002-இல் டென்மார்க்கின் ஹென்ரிக் சோரன்சன் எழுதிய ஆட்பிளாக், 2014-இல் ரேமண்ட் ஹில் எழுதிய யூபிளாக் (இன்றைய யூபிளாக் ஆரிஜின்) இரண்டும் பேர்போனவை. இவை பக்கத்துக்குள்ளேயே நுழைந்து களையெடுப்பதால் நுணுக்கமானவை. ஆனால் டிவிக்குள் இவற்றை நட முடியாது. செல்போன் செயலிகளுக்குள்ளும் இவற்றால் நுழைய முடியாது.

அதே 2014-இல் அமெரிக்காவில் ஜேக்கப் சல்மெலா தொடங்கிய பை-ஹோல் அந்த இடைவெளிக்குத்தான் வந்தது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் உருவாகி 2012-இல் விற்பனைக்கு வந்த ராஸ்பெரி பை என்ற உள்ளங்கைக் கணினியில் ஓடட்டும் என்று எழுதப்பட்ட மென்பொருள். கட்டற்றது, காசு கிடையாது. 512 மெகாபைட் நினைவகம் போதும் என்பதால் மூலையில் கிடக்கும் பழைய மடிக்கணினியிலும் ஓடும். 2018-இல் வந்த ஆட்கார்டு ஹோம் இதற்குத் தம்பி.

அத்தை வீட்டுப் பெட்டியும் இந்த வகைதான். நிறுவுவது ஒரு மாலை வேலை. பெட்டிக்கு மாறாத ஓர் எண் கொடுத்துவிட்டு, மோடத்தின் அமைப்புகளில் “பெயர் விசாரிக்க இவரிடம் போ” என்று அந்த எண்ணை எழுத வேண்டும். வீட்டு வைஃபையில் சேரும் எந்தக் கருவிக்கும் மோடமே அந்த விலாசத்தைச் சொல்லிவிடும். விருந்தாளியின் செல்போனுக்கும்தான். கேள்வி வந்ததும் பெட்டி தன் பட்டியலைப் பார்க்கும்; லட்சம் பெயர்கள் இருந்தாலும் கண் இமைக்கும் நேரம்கூட ஆகாது. பெயர் பட்டியலில் இருந்தால் பதில் 0.0.0.0, அதாவது எங்குமில்லை. இல்லாவிட்டால் வெளியே உள்ள உண்மையான டிஎன்எஸ்ஸிடம் கேட்டுச் சொல்லும். விளம்பரம் இறங்கிய பிறகு மறைக்கப்படுவதில்லை, இறங்குவதே இல்லை. அதனால் பக்கமும் சீக்கிரம் திறக்கிறது.

அத்தை வீட்டில் என்னை வியக்க வைத்தது தடுப்பு இல்லை, பதிவேடு. யார் எப்போது எந்தப் பெயரைக் கேட்டார்கள் என்று பெட்டி வரிசையாக எழுதி வைக்கும். மறுநாள் காலை திறந்து பார்த்தால், எல்லோரும் தூங்கிய இரவு இரண்டு மணிக்கும் டிவி விழித்திருக்கிறது. திரை அணைந்திருக்க, சில நிமிடத்துக்கு ஒருமுறை யாரையோ கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. எல்லாமே உளவு என்று சொல்ல முடியாது. புதுப்பிப்பு இருக்கிறதா என்று விசாரிப்பதும் அதில் சேர்த்தி. ஆனால் சந்தேகப்படக் காரணம் உண்டு. அமெரிக்காவில் விசியோ என்ற டிவி நிறுவனம், வீட்டார் என்ன பார்க்கிறார்கள் என்பதை அனுமதி பெறாமல் 1.1 கோடி டிவிகள் வழியே திரட்டியது என்று அந்நாட்டு வணிக ஆணையம் வழக்குப் போட்டது. 2017 பிப்ரவரியில் 22 லட்சம் டாலர் கட்டி நிறுவனம் வழக்கை முடித்துக்கொண்டது. எதிர்ச்சுவர்க் காலண்டரும் விளம்பரம்தான். ஆனால் அத்தை எத்தனை மணிக்கு ராகு காலம் பார்த்தார் என்று அது மளிகைக்கடைக்குப் போய்ச் சொல்வதில்லை.

இனி ஏமாற்றங்கள். முதல் ஏமாற்றம் அன்று இரவே வந்தது. “சீரியலுக்கு நடுவுல வர்றது நிக்கலையேப்பா.” அத்தை சீரியல் பார்ப்பது யூடியூபில். அங்கே விளம்பரமும் நிகழ்ச்சியும் ஒரே குடும்பப் பெயர்களில், ஒரே கிடங்கிலிருந்து வருகின்றன. டீக்கடைக்காரருக்குக் காதில் விழுவது வீட்டுப் பெயர் மட்டும். அந்த வீட்டில் என்ன வாங்கப் போகிறார்கள் என்பது தெரியாது. பெயரை மறைத்தால் சீரியலும் போய்விடும். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் ஓடையில் நடுநடுவே வருவதற்கும், நேரலைக் கிரிக்கெட்டோடு சேர்த்தே ஒட்டி அனுப்பும் விளம்பரத்துக்கும் இதே கதைதான். நம் வீடுகளில் டிவி என்றாலே பாதி நேரம் யூடியூப் என்பதால், இதை முதலிலேயே சொல்லாமல் பெட்டியை விற்பவர் நேர்மையானவர் இல்லை.

இரண்டாவது கசிவு. ஆனைக்குட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அர்ஜுனா நதியில் கட்டி விருதுநகருக்குக் குடிநீர் தரும் இந்த ஊர் அணையில் ஷட்டர்கள் துருப்பிடித்து, தேக்கிய நீர் வழிந்து வீணானது பல வருடம் இந்தப் பகுதியின் தீராத புகார். கதவை மூடிவிட்டோம் என்பதும் தண்ணீர் நின்றுவிட்டது என்பதும் ஒன்றல்ல. சில கருவிகள் மோடம் சொல்லும் விலாசத்தை மதிப்பதில்லை. தொழிற்சாலையிலேயே வேறொரு டிஎன்எஸ் எண்ணை உள்ளே பதித்து அனுப்பியிருப்பார்கள். அந்தக் கேள்விகள் 53-ஆம் துறை (போர்ட்) வழியே போகும் என்பதால், மோடம் கொஞ்சம் விவரமானதாக இருந்தால் மடக்கிப் பெட்டிக்கே திருப்பலாம். 2018-இல் வந்த ஆண்ட்ராய்டு 9-இன் ‘பிரைவேட் டிஎன்எஸ்’ கேள்வியைப் பூட்டி 853-ஆம் துறையில் அனுப்புகிறது, அதையும் அடைக்கலாம். அதே ஆண்டில் தரப்படுத்தப்பட்ட இன்னொரு முறையோ, சாதாரண இணையப் போக்குவரத்து போகும் 443-ஆம் துறையிலேயே கலந்து போகிறது. எது கேள்வி, எது பக்கம் என்று வெளியிலிருந்து பிரிப்பது கடினம். இந்தப் பூட்டுகள் கெட்ட எண்ணத்தில் வந்தவையும் அல்ல. நாம் எங்கே போகிறோம் என்று வழியில் நிற்பவர்கள் பார்க்காமல் இருக்கத்தான் வந்தன. நம் பெட்டியும் வழியில் நிற்பதுதானே!

அந்தப் பூட்டையே சாதகமாக்கிக்கொள்ளவும் வழி உண்டு. ஃபைபர் இணைப்பில்லாமல் சிம் டேட்டாவில் மட்டும் காலம் தள்ளும் வீடுகளுக்குப் பெட்டியே வேண்டாம். ஆண்ட்ராய்டு செல்போனில் பிரைவேட் டிஎன்எஸ் என்ற இடத்தில், விளம்பரத்தைத் தடுக்கும் பொதுச் சேவை ஒன்றின் பெயரை எழுதினால் போதும். ஆட்கார்டு அப்படி ஒன்றை இலவசமாகவே நடத்துகிறது. ஆனால் அப்போது டீக்கடை உங்கள் வீட்டில் இருக்காது. யாரை விசாரித்தீர்கள் என்பது வெளியூர்க்காரர் ஒருவருக்குத் தெரியும்.

பெயரை வைத்துத் தடுப்பது மழுங்கிய கத்தி. இதைத் தமிழ்நாடு ஒருமுறை பெரிய அளவில் பார்த்திருக்கிறது. 2012-இல் ‘3’ படத்தின் திருட்டுப் பிரதிகளைத் தடுக்கச் சென்னை உயர் நீதிமன்றத்தில் வாங்கிய ஆணையைக் காட்டி, இணையச் சேவை நிறுவனங்கள் விமியோ, டெய்லிமோஷன் போன்ற தளங்களை ஒட்டுமொத்தமாக மூடிவிட்டன. அந்தப் படத்தோடு சம்பந்தமே இல்லாதவர்களின் காணொளிகளும் சேர்ந்து போயின. குறிப்பிட்ட பக்க முகவரிகளைத்தான் தடுக்க வேண்டும், முழுத் தளத்தை அல்ல என்று ஜூன் மாதத்தில் நீதிமன்றம் தெளிவுபடுத்திய பிறகே கதவுகள் திறந்தன. அங்கே மூடியவர்கள் கம்பெனிக்காரர்கள், இங்கே மூடுபவன் நான். பழுது ஒன்றேதான். அதனால் எந்தப் பட்டியலையும் அப்படியே நம்பி விட்டுவிடக் கூடாது. முதல் வாரம் வீட்டில் என்னென்ன உடைகிறது என்று பார்த்து அனுமதிப் பட்டியலில் சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். விளம்பரக் காசில் நடக்கும் நல்ல பத்திரிகைத் தளங்கள் சிலவற்றைத் தெரிந்தே தப்பவிடலாம் என்று பார்த்தேன். அவர்கள் விளம்பரமும் அதே மூன்றாவது கடையிலிருந்து வருவதால் அது முடியவில்லை. ஒன்றுக்குச் சந்தா கட்டிவிட்டேன்.

இன்னொன்று, கரண்ட். பெட்டி அணைந்தால் பெயர் சொல்ல ஆளில்லை. வைஃபை முழுதாக இருந்தும் எதுவும் திறக்காது. மோடத்துக்கு வைத்திருக்கும் சின்ன யுபிஎஸ்ஸிலேயே பெட்டியையும் செருகிவிட வேண்டும்.

முதல் வாரம் முடிவதற்குள் அத்தை மகனிடமிருந்து போன் வந்தது. “மச்சான், எங்க அச்சக விளம்பரம் திறக்கலை.” அடுத்த ஆண்டுக் காலண்டர் ஆர்டருக்காக அவன் முதலாளி இணையத்தில் காசு கட்டி விளம்பரம் கொடுத்திருக்கிறார். அது சரியாக வருகிறதா என்று பார்ப்பது இவன் வேலை. தேடலில் மேலே அச்சகத்தின் பெயர் வருகிறது, தொட்டால் எங்கும் போகாமல் நிற்கிறது. எண்ணிக்கை வைப்பதற்காக அந்தச் சுட்டி முதலில் விளம்பரக் கடை ஒன்றின் வாசலில் ஏறி இறங்கிவிட்டுத்தான் அச்சகத்துக்குப் போகும். அந்த வாசலின் பெயர் நம் பட்டியலில் இருக்கிறது.

அந்த ஒரு பெயரைத் திறந்துவிட்டால் போலிப் பட்டாசுக்காரனின் சுட்டியும் அதே வாசலில் ஏறி வந்துவிடும் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, வேண்டாம் என்றான். இப்போது அச்சக விளம்பரத்தைப் பார்க்க வேண்டுமென்றால் வைஃபையை அணைத்துவிட்டு, டவர் நன்றாகக் கிடைக்கும் மொட்டைமாடிக்குப் போகிறான்.