பூணூலும் பாப்பரசரும்

மதுரைச் சுற்றுவட்டாரத்தில் கத்தோலிக்கக் கோவில் திருவிழா பார்த்தவர்களுக்கு ஒரு கேள்வி எழுந்திருக்கும். கொடியேற்றம், சப்பரம், தேர், மொட்டை, நேர்ச்சை, பீடத்தருகே குத்துவிளக்கு எல்லாம் அங்கே உண்டு. உலகம் முழுவதற்கும் ரோமாபுரியில் ஒரே தலைமை என்கிறார்களே, இதற்கெல்லாம் அனுமதி கொடுத்தது யார்? விடை தேடிப் போனால் நாயக்கர் காலத்து மதுரைக்கே வந்து சேருவோம்.

1606 நவம்பரில் ராபர்ட் தெ நோபிலி என்ற 29 வயது இத்தாலியர் மதுரைக்கு வந்தார். சேசு சபைத் துறவி. முத்துக்குளித்துறையிலிருந்து வந்துபோகும் பரதவர்களுக்காக, கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற போர்த்துக்கீசியப் பாதிரியார் அவருக்கு முன்பே இங்கே ஒரு கோவில் நடத்திவந்தார். உள்ளூர்க்காரர்கள் அந்தப் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை. போதனையைக் கேட்டு மறுத்தார்கள் என்பதில்லை. மாட்டிறைச்சி தின்று, மது குடிக்கும் பரங்கிகளின் மார்க்கம் என்று கேட்பதற்கு முன்பே ஒதுங்கிவிட்டார்கள். நோபிலி காவி உடுத்தார், பாதக்குறடு போட்டார், நாளுக்கு ஒரே வேளை மரக்கறி உணவு உண்டார். தமிழும் தெலுங்கும் கற்றார். சிவதர்மர் என்ற பிராமணரிடம் வடமொழி படித்தார். தத்துவ போதகர் என்று ஊர் அவரை அழைத்தது. அவரிடம் ஞானஸ்நானம் பெற்றவர்கள் பூணூலையும் குடுமியையும் சந்தனத்தையும் விடவில்லை. அவரும் விடச் சொல்லவில்லை.

பெர்னாண்டஸ் 1610-இல் மேலிடத்துக்குப் புகார் எழுதினார். 1619-இல் கோவாவில் கூடிய சபையில் பெரும்பாலோர் நோபிலிக்கு எதிராக நின்றார்கள். வழக்கு ரோமாபுரிக்குப் போனது.

அங்கே எடுத்துக்கொண்ட கேள்வியின் கூர்மை இன்றைக்கும் என்னை வியக்க வைக்கிறது. பூணூல் வழிபாட்டின் பகுதியா, குலத்தையும் தகுதியையும் காட்டும் சமூக அடையாளமா? ஒரு நூலிழைக்கு மதம் கிடையாது. அணிகிறவர்களுக்கும் பார்க்கிறவர்களுக்கும் அது என்ன பொருள் தருகிறது என்பதே வழக்கு. இது சமூக அடையாளமே என்று காட்ட நோபிலி தர்ம சாத்திரங்களைப் புரட்டினார், பிராமணர்களின் சாட்சியம் திரட்டினார். திருச்சபைக்குள்ளேயே முன்னுதாரணங்களும் இருந்தன. 601-இல் பாப்பரசர் முதலாம் கிரகோரி, இங்கிலாந்துக்குப் போன துறவிகளுக்கு, சிலைகளை அகற்றுங்கள், கோவில் கட்டடங்களை இடிக்காதீர்கள் என்று எழுதியிருந்தார். எல்லாத் தேவர்களுக்குமான ரோமாபுரியின் பாந்தியன் 609-இல் மாதா கோவிலானது.

அயர்லாந்தின் ஆர்மா பேராயர் பீட்டர் லம்பார்டு மதுரை வழக்கை ஆராய்ந்து நோபிலியின் பக்கம் சாய்ந்தார். 1623 ஜனவரி 31 அன்று பதினைந்தாம் கிரகோரி ஆணை வெளியிட்டார். பூணூல், குடுமி, சந்தனம், நீராடல் நான்கும் மூடநம்பிக்கைக் கலப்பு இல்லாதவரை செல்லும். மறு முடிவு வரும்வரை செல்லும்.

'மறு முடிவு வரும்வரை' என்ற நிபந்தனைதான் கத்தோலிக்க அமைப்பைப் புரிந்துகொள்ளும் வழி. பாப்பரசர் சொன்னால் மாறவே மாறாது என்று பலரும் நினைக்கிறார்கள். கடவுள் மூவொருவர் என்பது போன்ற விசுவாசக் கோட்பாடுகள் மாறாதவை. உடை, நோன்பு, வழிபாட்டு மொழி போன்றவை ஒழுங்குமுறை; காலத்துக்கும் இடத்துக்கும் ஏற்ப மாறும். குருக்களின் துறவறம்கூட இந்த இரண்டாவது வகைதான். உக்ரைனின் கிரேக்கக் கத்தோலிக்கத் திருச்சபையில் மணமானவர்கள் குருவாகலாம். அவர்களும் பாப்பரசருக்குக் கட்டுப்பட்டவர்களே. பாப்பரசரின் தவறாவரம் என்பது 1870-இல் வரையறுக்கப்பட்டது. அந்த வரத்தோடு முறைப்படி அறிவிக்கப்பட்ட கோட்பாடு அதன்பின் ஒன்றே ஒன்று: 1950-இல், மாதாவின் விண்ணேற்பு. பூணூல் ஆணை அந்தத் தட்டில் ஏறவே இல்லை. அதனால் அது புரளவும் முடிந்தது.

புரளத்தான் செய்தது. புதுச்சேரிக்கு வந்த ரோமாபுரியின் தூதர் தூர்னோன் 1704-இல் தடைகளை அறிவித்தார். அவற்றில் ஒன்று எச்சில் பற்றியது. காது கேளாதவரை இயேசு உமிழ்நீரால் தொட்டுக் குணமாக்கியதாக மாற்கு எழுதியதை நினைவுகூர்ந்து, ஞானஸ்நானத்தில் குரு தம் உமிழ்நீரால் குழந்தையின் காதையும் மூக்கையும் தொடுவது அன்றைய சடங்கு. எச்சில் என்றால் தமிழர் எப்படிக் கூசுவார்கள் என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. மதுரை மிஷன் குருக்கள் அதை விட்டுவிட்டார்கள். தூர்னோன் விடக் கூடாது என்றார். பிள்ளையார் உருவம் பொறித்த தாலியும் கூடாது என்றார். சிலுவையோ மாதா உருவமோ போட்டுக்கொள்ளலாம். வாதம் 1744-இல் பதினான்காம் பெனடிக்டின் ஆணையோடு ஓய்ந்தது. இங்கே வரும் மிஷனரிகள் இந்தத் தடைகளுக்குக் கட்டுப்படுவதாகச் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. அந்தச் சத்தியம் 1940-இல்தான் நீங்கியது. சீனாவில் முன்னோருக்குச் செய்யும் மரியாதை பற்றியும் இதே வழக்கு நடந்து, இதே போலத் தடையாகி, 1939-இல் தடை விலகியது.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு, 1969-இல், இந்திய ஆயர்கள் கேட்ட 12 மாற்றங்களை ரோமாபுரி ஏற்றது. செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் அமர்ந்து பூசை காண்பதும், கைகூப்பி வணங்குவதும், ஆரத்தியும், எண்ணெய் விளக்கும் அப்படி வந்தவை. ஞானஸ்நான முறை திருத்தப்பட்டதும் அதே ஆண்டில்தான். காதையும் வாயையும் குரு விரலால் தொட்டால் போதும். புதிய முறையில் உமிழ்நீர் உலகெங்கும் நீங்கிவிட்டது.

இதுவரை சொன்னது நோபிலியின் வெற்றி. ஆனால் அவர் பிடித்த சல்லடையில் ஓட்டை ஒன்று இருந்தது. 'மதம் அல்ல, சமூக வழக்கம்' என்ற அதே துளை வழியாகத்தான் சாதியும் கோவிலுக்குள் இறங்கியது. 1623 ஆணையே இதை உணர்ந்திருந்தது: உயர்குலப் பெருமை பேசுகிறவர்கள் எளியவர்களை இழிவாக நடத்தக் கூடாது, குறிப்பாகக் கோவிலுக்குள் கூடாது என்று பாப்பரசர் கெஞ்சிக் கேட்டிருக்கிறார். பூணூலுக்கு அனுமதி கிடைத்தது. அந்த வேண்டுகோள் காற்றோடு போனது. நோயில் கிடக்கும் பறையர்களின் வீட்டுக்குள் போய்த்தான் அவஸ்தைப்பூசுதல் கொடுக்க வேண்டும் என்பது தூர்னோன் ஆணையின் இன்னொரு பகுதி. சடங்குகளில் நம்மைப் புரிந்துகொள்ளாத அந்த மனிதர், இந்த ஒன்றில் சரியான இடத்தில் நின்றார் என்றே நான் சொல்வேன்.

நெல்லைச் சீமை வடக்கன்குளத்தில் சாதிக்கு ஒரு சிறகாக இரட்டைக் கோவிலே எழுந்தது. நடுத்தடுப்பு 1910 வாக்கில் அகற்றப்பட்டபோது வழக்காடியவர்கள் தோற்றார்கள். ஆனாலும் தமிழ்நாட்டில் சாதிவாரியாகப் பிரிந்த கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டங்கள் இன்றும் உண்டு. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மக்களுக்கான தன் கொள்கை அறிக்கையை வெளியிட்டது 2016 டிசம்பரில்தான். திருச்சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்று அதில் ஆயர்களே ஒப்புக்கொண்டார்கள்.