பிராட்வே பத்து நாளில் இறக்கிய நாடகம் சின்ன மேடையில் ஏறிய கதை

2006 டிசம்பர் 7 அன்று நியூயார்க்கின் பிராட்வேயில், இம்பீரியல் அரங்கத்தில், ‘ஹை ஃபிடெலிட்டி’ என்ற புதிய ராக் இசை நாடகம் தொடங்கியது. அதற்கு முன் பாஸ்டன் நகரில் வெள்ளோட்டம் பார்த்திருந்தார்கள். நியூயார்க்கிலேயே முன்னோட்டக் காட்சிகளும் நடந்திருந்தன. டிசம்பர் 17 அன்று கடைசிக் காட்சி. முறையான தொடக்கத்துக்குப் பிறகு அது தாக்குப்பிடித்தது பத்தே நாள்.

பிராட்வேயில் இப்படி விழுந்த நாடகத்தைப் பொதுவாக யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் 2008-ல், மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகரத்தைச் சேர்ந்த ‘நியூ லைன் தியேட்டர்’ என்ற சிறிய நாடகக் குழு அதை எடுத்து மேடையேற்றியது. கிடைத்த வரவேற்பைப் பார்த்து 2012-ல் அதே குழு மீண்டும் நடத்தியது. கதை அதே கதை, பாட்டுகள் அதே பாட்டுகள். ஓரிடத்தில் தோற்றது இன்னோரிடத்தில் எப்படி நின்றது? விடை தேடினால் ராக் இசை நாடகம் என்ற கலையைப் பற்றியே நிறையத் தெரியவருகிறது.

முதலில் கதை. ஆங்கில எழுத்தாளர் நிக் ஹார்ன்பி 1995-ல் எழுதிய நாவல்தான் இதன் மூலம். முப்பத்தைந்து வயது ராப், லண்டனில் பழைய இசைத்தட்டுக் கடை நடத்துகிறான். காதலி லாரா அவனைவிட்டுப் போகிறாள். அவன் உட்கார்ந்து, தன் வாழ்க்கையில் மனதை மிக அதிகமாக உடைத்த ஐந்து பிரிவுகளுக்குப் பட்டியல் போடுகிறான். எல்லாவற்றுக்கும் ‘டாப் 5’ போடுவது அவனுக்கும், கடையில் வேலை பார்க்கும் பாரி, டிக் இருவருக்கும் பழக்கம். உலகத்தில் உள்ள எல்லாப் பாட்டும் அவர்களுக்குத் தெரியும், மனிதர்களைத்தான் தெரியாது. மகளுக்காக ஸ்டீவி வொண்டரின் புகழ்பெற்ற காதல் பாட்டொன்றைக் கேட்டு வரும் ஒரு தந்தையை, ரசனை சரியில்லை என்று பாரி விரட்டி அடிப்பான். ஒருவர் எப்படிப்பட்டவர் என்பதைவிட அவருக்கு என்ன பிடிக்கும் என்பதுதான் முக்கியம் என்று ராப் நம்புகிறான். அந்த நம்பிக்கை கொஞ்சம் கொஞ்சமாக உடைவதுதான் கதை.

2000-ல் ஸ்டீஃபன் ஃபிரியர்ஸ் இதைத் திரைப்படமாக எடுத்தபோது கடை சிகாகோவுக்கு வந்தது. ஜான் கியூசாக் ராப். ஜாக் பிளாக் பாரி. இசை நாடகத்தில் கடை புரூக்ளினுக்கு இடம்பெயர்ந்தது. ஊர் எதுவானாலும் கதை ஒட்டிக்கொள்கிறது, ஏனென்றால் இப்படிப்பட்டவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ராப் தன் காதலிக்காகப் பாட்டுகளைத் தேர்ந்தெடுத்து, வரிசையை யோசித்து யோசித்துக் கேசட்டில் பதிந்து கொடுப்பான். கையால் எழுதிய பாட்டுப் பட்டியலோடு ரெக்கார்டிங் கடை வாசலில் நின்ற நம் தலைமுறைக்கு அவனை அறிமுகம் செய்யத் தேவையில்லை.

இனி பாட்டுகளுக்கு வருவோம். திரைப்படத்தில் பின்னணியில் ஒலித்தவை பெரும்பாலும் ஏற்கெனவே வெளிவந்த இசைத்தட்டுப் பாட்டுகள். நாடகத்தை உருவாக்கியவர்கள் அந்த வழியில் போகவில்லை. இசையமைப்பாளர் டாம் கிட், பாடலாசிரியர் அமாண்டா கிரீன், வசனம் எழுதிய டேவிட் லிண்ட்சே-அபேர் மூவரும் முழுக்கப் புதிய பாட்டுகளோடு வந்தார்கள்.

இது துணிச்சலான முடிவு என்பதற்குக் காரணம் இருக்கிறது. ராக் பாட்டும் நாடகப் பாட்டும் இயல்பிலேயே ஒத்துப்போகாதவை. நாடகப் பாட்டு கதையை நகர்த்த வேண்டும்: பாத்திரம் பாட்டைத் தொடங்கும்போது ஒரு மனநிலை, முடிக்கும்போது வேறொரு மனநிலை. ராக் பாட்டு அப்படிப் போகாது. ஒரே உணர்ச்சியைப் பிடித்துக்கொண்டு, பல்லவியைத் திரும்பத் திரும்ப அடித்து ஏற்றும். சொல் ஒவ்வொன்றும் காதில் விழுந்தாக வேண்டிய இடத்தில் டிரம்ஸும் மின்கிட்டாரும் சொல்லை விழுங்கிவிடும். 1960-களில் இருந்தே ராக் இசை நாடகம் எழுதியவர்கள் எல்லோரும் மோதிய சுவர் இது.

‘ஹை ஃபிடெலிட்டி’ அந்தச் சுவரைச் சுற்றிக்கொண்டு போக அழகான வழி கண்டுபிடித்தது. ராப் எதையும் பாட்டாகத்தான் யோசிப்பான். அவன் மூளைக்குள்ளேயே ஒரு இசைத்தட்டுக் கடை இருக்கிறது. ஆகவே அவனுடைய ஒவ்வொரு மனநிலைக்கும் ஒவ்வொரு ராக் பாணி. டாம் கிட் ஏதோ ஒரு பொதுவான ‘ராக்’ ஓசையை எழுதவில்லை. குறிப்பிட்ட கலைஞர்களின் தனிப்பட்ட நடையைக் கையாண்டு புதுப் பாட்டு கட்டினார். ஒரு காட்சியில் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனே ராப்பின் கற்பனையில் தோன்றி, ஸ்பிரிங்ஸ்டீன் பாணியிலேயே பாடி, பழைய காதலிகளிடம் கசப்பை விட்டு விடைபெறச் சொல்கிறார். (திரைப்படத்தில் நிஜ ஸ்பிரிங்ஸ்டீன் வந்து போனார்.) லாராவின் புதுக் காதலன் கடைக்கு வரும்போது, அவனை எப்படியெல்லாம் அடிக்கலாம் என்று ராப் மனதுக்குள் ஓட்டிப் பார்க்கிறான், ஓட்டிப் பார்க்கும் தோறும் இசை வேறு வகைக்குத் தாவுகிறது. ராக் வரலாறு தெரிந்தவருக்கு இது புதையல். தெரியாதவருக்கும் பாதகமில்லை, பாத்திரத்தின் மனம் மாறுவது காதில் விழுகிறது. ராக் நாடகத்தின் பழைய சிக்கலுக்கு இவ்வளவு நேர்த்தியான தீர்வு கண்ட படைப்புகள் மிகக் குறைவு என்றே நினைக்கிறேன்.

அப்படியென்றால் பிராட்வேயில் ஏன் விழுந்தது?

விமர்சகர்களில் பலருக்குப் பிடிக்கவில்லை என்பது உண்மை. பிராட்வேயில் அது உடனே பணப் பிரச்சினையாகிவிடும். அரங்க வாடகை, நடிகர்கள், இசைக்கலைஞர்கள், மேடைப் பணியாளர்கள், விளம்பரம் என்று வாரம்தோறும் பெருந்தொகை வெளியே போய்க்கொண்டிருக்கும். முன்பதிவு கைவசம் நிறைய இருந்தால் மட்டுமே மோசமான விமர்சனத்தைத் தாண்டி, பார்த்தவர்கள் வாய்வழியாகச் சொல்லும் வார்த்தை பரவும் வரை தாங்க முடியும். அது இல்லையென்றால் தயாரிப்பாளர்களுக்கு ஒவ்வொரு நாளும் கூடுதல் நட்டம், மூடுவதுதான் சிக்கனம்.

ஆனால் என் கணிப்பில் அடிப்படைக் கோளாறு அளவில் இருந்தது. இம்பீரியலில் சுமார் 1,400 இருக்கைகள். கதையோ, ஆள் நடமாட்டம் குறைந்த ஒரு சின்னக் கடையைப் பற்றியது. நாவலில் ராப் தன் கதையைத் தானே சொல்கிறான். படத்தில் கேமராவைப் பார்த்துப் பேசுகிறான். நாடகத்தில் பார்வையாளர்களைப் பார்த்துப் பேசுகிறான். தன் சுயநலத்தையும் கோழைத்தனத்தையும் ஒப்புக்கொள்ளும் ஒருவனின் பேச்சு அது. ரகசியம் சொல்லும் குரலில் சொல்ல வேண்டியதை மாடி இருக்கையின் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி சொன்னால் அதன் தன்மையே மாறிவிடும்.

ராக் இசை நாடகத்தின் வரலாறு இதற்குச் சாட்சி. ‘ஹேர்’ 1967-ல் நியூயார்க்கின் பப்ளிக் தியேட்டரில், 300-க்கும் குறைவான இருக்கைகள் கொண்ட அரங்கில் பிறந்து, அடுத்த ஆண்டுதான் பிராட்வேக்கு ஏறியது. ‘ரென்ட்’ 1996-ல் நியூயார்க் தியேட்டர் ஒர்க்‌ஷாப்பில், 200-க்கும் குறைவான பேர் முன்னிலையில் தொடங்கியது. இன்னும் நெருக்கமான சான்று, ‘ஹை ஃபிடெலிட்டி’ தொடங்கி மூன்று நாள் கழித்து, 2006 டிசம்பர் 10 அன்று, பிராட்வேயில் தொடங்கிய ‘ஸ்பிரிங் அவேக்கனிங்’. அதுவும் ராக் இசை நாடகம்தான். அதே ஆண்டின் கோடையில் அட்லாண்டிக் தியேட்டர் கம்பெனியின் சிறிய அரங்கில் நடந்து பேரெடுத்த பிறகே பெரிய மேடைக்கு வந்தது. எட்டு டோனி விருதுகளை வாங்கியது. இவை எல்லாம் சின்ன அறையிலிருந்து மேலே போனவை. ‘ஹை ஃபிடெலிட்டி’யோ வெள்ளோட்டத்தையே பாஸ்டனின் மாபெரும் அரங்கில் பார்த்துவிட்டு நேரே பிராட்வேக்குப் போனது. அது சின்ன அறைக்கு வந்து சேர்ந்தது தோற்ற பிறகுதான்.

அந்த அறையைக் கொடுத்தது நியூ லைன். ஸ்காட் மில்லர் 1991-ல் தொடங்கிய, லாபநோக்கமற்ற குழு இது. அவரே இயக்குநர், இசை நாடகங்களின் வரலாற்றையும் கட்டமைப்பையும் அலசிப் பல புத்தகங்கள் எழுதியவர். செயின்ட் லூயிஸ் இசை நாடகத்துக்குப் பழகிய ஊர். அங்கே ஃபாரஸ்ட் பார்க்கில் ‘மியூனி’ என்ற திறந்தவெளி அரங்கம், சுமார் 11,000 இருக்கைகளோடு, நூறாண்டுக்கும் மேலாகக் கோடைதோறும் பெரிய இசை நாடகங்களை நடத்துகிறது. அதே ஊரில் பிறந்தவர்தான் சக் பெர்ரி; ராக் கிட்டாரின் இலக்கணத்தை வகுத்தவர். முதுமையிலும் உள்ளூர் உணவு விடுதி ஒன்றின் அடித்தளத்தில் மாதம் ஒருமுறை வாசித்துவந்தார். அப்படிப்பட்ட ஊரில், மியூனி தொடாத நாடகங்களுக்கென்று ஓர் இடத்தை நியூ லைன் பிடித்துக்கொண்டது: பெரியவர்களுக்கான, அரசியலும் முரட்டுத்தனமும் ராக் இசையும் கலந்த நாடகங்கள். நெடுங்காலம் அதற்குச் சொந்த வீடுகூட இல்லை. வாடகை அரங்குகளில் காலம் தள்ளியது. 2015-ல்தான் மார்செல் என்ற சிறிய அரங்கம் அதன் நிலையான இடமானது.

இப்படியொரு குழு பிராட்வே நாடகத்தை எப்படி எடுக்கிறது? உரிமம் வழியாக. நாடகத்தின் உரிமையை வைத்திருக்கும் நிறுவனத்துக்கு, இருக்கைகளின் எண்ணிக்கை, டிக்கெட் விலை, எத்தனை காட்சி என்பவற்றைச் சொல்ல வேண்டும். அதன் அடிப்படையில் ராயல்டி கணக்கிடப்படும். வசனமும் இசைக்குறிப்புகளும் வாடகைக்கு வரும். அனுமதியில்லாமல் ஒரு வரியைக்கூட மாற்றக் கூடாது. அரங்கம் சிறியதாக இருந்தால் ராயல்டியும் சிறியதாக இருக்கும். அதனால்தான் பெருமுதலீட்டுக்குக் கட்டுப்படியாகாத நாடகம் இவர்களுக்குக் கட்டுப்படியாகிறது. டிக்கெட் விற்பனை, நன்கொடை, மாநில, நகரக் கலை அமைப்புகள் தரும் மானியம் மூன்றும் சேர்ந்து வண்டியை ஓட்டுகின்றன.

ராக் இசைக்கு இதில் ஒரு கூடுதல் வசதியும் உண்டு. பழைய பாணி இசை நாடகத்துக்குப் பெரிய வாத்தியக் குழு வேண்டும். ராக் நாடகத்துக்கு டிரம்ஸ், பேஸ், இரண்டு கிட்டார், கீபோர்டு இருந்தால் அசல் ஓசையே கிடைத்துவிடும். சிறு குழு இங்கே எதையும் குறைத்துச் செய்யவில்லை. ராக் பிறந்த அளவிலேயே அதை வாசிக்கிறது.

பிராட்வேயில் நாடகம் மூடிய பிறகு அசல் நடிகர்களை வைத்து ஒலிப்பதிவு செய்து 2007-ல் ஆல்பமாக வெளியிட்டார்கள். நாடகத்தைப் பார்க்கக் கொடுத்துவைக்காதவர்கள் கையில் அது கிடைத்தது இப்படித்தான். யாரும் வாங்காத தட்டை அலமாரியில் பத்திரமாக வைத்திருந்து, உரிய ஆள் வரும்போது எடுத்துக் கொடுப்பதுதான் ராப்பின் தொழில். அவனைப் பற்றிய நாடகத்துக்கு ஸ்காட் மில்லர் செய்ததும் அதே தொழில்தான். ஒரு தடவையோடு அவர் நிறுத்தவும் இல்லை. 2008-ல் பிராட்வேயில் 68 காட்சிகளோடு முடிந்துபோன ‘க்ரை-பேபி’யை 2012-ல் நியூ லைன் எடுத்தது. சில வாரங்களே ஓடிய ‘ஹேண்ட்ஸ் ஆன் எ ஹார்ட்பாடி’யை 2014-ல் எடுத்தது, அதன் பாடலாசிரியரும் அமாண்டா கிரீன்தான்.

எழுதியவர்களின் திறமையைக் காலம் நிரூபித்தது. ‘ஹை ஃபிடெலிட்டி’ மூடி நான்கே மாதத்தில், ‘ரேபிட் ஹோல்’ நாடகத்துக்காக லிண்ட்சே-அபேர் புலிட்சர் பரிசு பெற்றார். டாம் கிட், பிரையன் யார்க்கியோடு சேர்ந்து ‘நெக்ஸ்ட் டு நார்மல்’ எழுதி 2009-ல் டோனி விருதும் 2010-ல் புலிட்சரும் பெற்றார். பத்து நாளில் திரை இறக்கப்பட்ட நாடகத்தை எழுதியது இந்தக் கைகள்தான்.

ஒரு தற்செயலையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் புகழ்பெற்ற ‘டவர் ரெக்கார்ட்ஸ்’ இசைத்தட்டுக் கடைகள் திவாலாகி மூடப்பட்டதும் அதே 2006 டிசம்பரில். இசைத்தட்டுக் கடையைப் பற்றிய நாடகமும், கடைகளும் ஒரே மாதத்தில் முடிந்தன. நியூ லைன் அந்த நாடகத்தை எடுத்த 2008-ன் ஏப்ரலில்தான் அமெரிக்காவின் சிறு கடைக்காரர்கள் ஒன்றுசேர்ந்து முதல் ‘ரெக்கார்ட் ஸ்டோர் டே’யைக் கொண்டாடினார்கள். செத்துப்போனதாகச் சொல்லப்பட்ட வினைல் இசைத்தட்டு, 2022-ல் அமெரிக்காவில் எண்ணிக்கையில் சிடியை முந்தியது. 1987-க்குப் பிறகு அதுவே முதல் முறை.

அந்த ஆல்பத்தைத் தேடிக் கேளுங்கள். பாட்டுகளைத் தனித்தனியாகப் பொறுக்கிக் கேட்காமல், முதல் பாட்டிலிருந்து வரிசை மாறாமல் கேளுங்கள். கதை பாதி புரிந்துவிடும். உங்கள் ஊரில் வாடகை அரங்கில் நாடகம் போடும் ஒரு சிறு குழு இருந்தால், அடுத்த காட்சிக்கு டிக்கெட் வாங்கிப் போய் முன்வரிசையில் உட்காருங்கள்.