விட்டத்தை அறுக்காதீர்கள்!

ஓட்டு வீட்டில் தலை இடிக்கிறது என்றோ, பரண் கட்ட இடைஞ்சல் என்றோ குறுக்கே ஓடும் விட்டத்தை அறுத்துவிடுகிறவர்கள் உண்டு. சுவர் வெளிப்பக்கம் சாயத் தொடங்கிய பிறகுதான் அந்த மரம் செய்துவந்த வேலை புரியும்.

ஒரு மங்களூர் ஓடு இரண்டு கிலோவுக்கு மேல் இருக்கும். சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 15 ஓடு வேண்டும். மழையில் ஊறினால் எடை இன்னும் கூடும். இந்தப் பாரத்தை ரீப்பர்கள் வாங்கிக் கைமரத்துக்குக் கொடுக்கின்றன. முகட்டில் முட்டிக்கொண்டு நிற்கும் இரு பக்கக் கைமரங்களும் காலை அகட்டிச் சுவரை வெளியே தள்ளப் பார்க்கும். அந்தக் கால்கள் விரியாமல் இழுத்துப் பிடிப்பது விட்டம். நடுவிலுள்ள குத்துக்கால் தூண் மாதிரி தெரிந்தாலும், உண்மையில் முகட்டிலிருந்து தொங்கிக்கொண்டு, விட்டம் தொய்யாமல் தூக்கிப் பிடிக்கிறது. குத்துக்காலும் விட்டமும் சேரும், இழுவை வரும் மூட்டுக்கு ஆணி மட்டும் போதாது. இரும்புப் பட்டையும் போல்ட்டும் வேண்டும்.

ஆபத்து பெரும்பாலும் கைமரத்தின் கால் சுவரில் உட்காரும் இடத்தில் தொடங்கும். ஒழுகும் நீர் அங்கேதான் தேங்கும். கரையானும் அங்கேதான் ஏறும். மழைக்காலத்துக்கு முன் ஒரு ஸ்க்ரூடிரைவரால் அந்த இடத்தைக் குத்திப் பார்க்கலாம். முனை எளிதாக உள்ளே இறங்கினால் மரம் உளுத்துவிட்டது என்று பொருள்.

இப்படிப் பழுது தெரிந்தால், ஓசூர் போன்ற நகர்ப்புறங்களில் வாடகைக்கு இருக்கும் தொழிலாளர்களுக்கு, தமிழ்நாட்டின் 2017-ம் ஆண்டு வாடகைச் சட்டம் துணை நிற்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிராவிட்டால், கட்டமைப்புப் பழுதைச் சரிசெய்வது வீட்டு உரிமையாளரின் பொறுப்பு. கோரிக்கையை எழுத்தில் கொடுக்க வேண்டும். அவர் மறுத்து, வீடு குடியிருக்கவே தகாததானால் அந்தச் சட்டப்படி முறையிடலாம்.

கர்நாடக எல்லையோரம் இருக்கும் பேரிகைக்காரர்களுக்கு இன்னொரு சிக்கல். மரம் மாலூரில் வாங்கியிருப்பார்கள், ஒப்பந்தக்காரர் பெங்களூருக்காரராக இருப்பார். தேக்கு என்று சொல்லி வேறு மரம் தந்தாலோ, வேலை மோசமாக இருந்தாலோ வழக்குக்காகக் கர்நாடகத்துக்கு அலைய வேண்டியதில்லை. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் தாம் வசிக்கும் மாவட்டத்தின் குறைதீர் ஆணையத்திலேயே முறையிடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை. முறையிட இரண்டு ஆண்டுகள் அவகாசம் உண்டு. 1915 என்ற எண்ணில் உதவியும் கிடைக்கும்.

இதற்கெல்லாம் ஆதாரம் வேண்டும். மரத்தின் வகையும் அளவும் எழுதிய பில்லை இன்றே கேட்டு வாங்குங்கள். ஓடு வேய்ந்து மறைக்கும் முன் ஒவ்வொரு மூட்டையும் செல்போனில் படமெடுத்து வையுங்கள்.