படபடப்பைக் கண்டு ஓடாதீங்க... படபடப்போடு நடங்க!

மழை பொய்த்தாலும், தேங்காய் விலை சரிந்தாலும், கடன் தவணை நெருங்கினாலும் தூக்கம் கெடுவது செட்டியார்பட்டி, ராஜபாளையம் பக்கத்து விவசாயிகளுக்குப் புதிதல்ல. சிலருக்கு அது அதோடு நிற்பதில்லை. திடீரென நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும், வியர்த்துக் கொட்டும், ‘உயிர் போய்விடுமோ’ என்று பயம் கவ்வும். பெரும்பாலும் 10 நிமிடங்களில் உச்சத்துக்குப் போய், பிறகு தானாக அடங்கும். இதை ‘பேனிக் அட்டாக்’ என்கிறார்கள்.

முதல் முறை வந்தால் ஈ.சி.ஜி. எடுத்து, இதயக் கோளாறு இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். ரத்தசோகை, தைராய்டு பரிசோதனையும் அவசியம். பூச்சிக்கொல்லி தெளித்த பிறகு வியர்வை, எச்சில் ஊறுதல், பார்வை மங்கல், மூச்சுத்திணறல் வந்தால், அதைப் பயம் என்று விட்டுவிடக் கூடாது. மருந்து டப்பாவோடு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வேறு நோய் இல்லை என்று தெரிந்த பிறகும் பயம் விடாது. படபடப்பு வருமோ என்று தனியாக மோட்டார் ரூமுக்குப் போகமாட்டார்கள், வேகமாக நடக்கமாட்டார்கள். ஒதுங்க ஒதுங்க பயம் வளரும். ‘இதயத் துடிப்பு கூடினால் ஆபத்து’ என்ற எண்ணத்தைப் பேச்சு சிகிச்சை சரிசெய்கிறது. ஓடியும் நடந்தும் துடிப்பைக் கூட்டி, ‘ஒன்றும் ஆகவில்லை’ என்று உடம்புக்கே காட்டுகிறது உடற்பயிற்சி.

ஜெர்மனியில் நடத்தப்பட்டு 1998-ல் வெளியான ஆய்வில், 10 வார ஓட்டப்பயிற்சி இந்த நோயைக் குறைத்தது. மாத்திரை இன்னும் சீக்கிரம் பலன் தந்தது. எனவே, சாப்பிடும் மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது.

‘காடு கரையில் உழைப்பது போதாதா?’ என்று கேட்கலாம். உழைப்பு நல்லதுதான். ஆனால், பயத்தோடு இருப்பவர் மூச்சு வாங்கும் வேலையைத் தவிர்த்துவிடுவார். அதனால்தான் தனிப் பயிற்சி. வாரத்தில் 3 நாள், தலைக்கு 30 நிமிடம். முதலில் மெதுநடை, பிறகு ஒரு நிமிடம் வேகநடை, மறுபடி மெதுநடை என்று மாற்றி மாற்றி நடக்கலாம். இதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுத்தான் தொடங்க வேண்டும்.

மனநல ஆலோசனைக்கு 14416 என்ற எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். நேரில் பார்க்க, அரசு மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் வரும் நாளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பயிருக்கு நோய் வந்தால் கேட்கத் தயங்குவதில்லை. மனதுக்கு வந்தாலும் தயங்க வேண்டியதில்லை.